ராயக்கோட்டை ரோட்டுப் பக்கக் காடு: எல்லைக்கல்லைக் காணோம், என்ன செய்யலாம்?

மேட்டுவீடு (சனி, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். ஓசூரில் இருக்கிறேன். 2018ல் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன். எங்கள் மனைப்பிரிவின் கடைசித் தெருவைத் தாண்டினால் காப்புக்காடு, அதாவது வனத்துறையின் ரிசர்வ் ஃபாரஸ்ட். பெயரை வேண்டுமென்றே போடவில்லை. போட்டால் நாளைக்கே "வனத்தை ஒட்டிய அமைதியான மனைகள்" என்று விளம்பரம் வந்து நிற்கும்.

பெரிய காடு ஒன்றும் இல்லை. துரிஞ்சி, வெள்வேல், அங்கங்கே பொரசு, மிச்ச இடமெல்லாம் உண்ணிச்செடி. வெயில் காலத்தில் பார்த்தால் "இதையா காடு என்கிறீர்கள்" என்று கேட்பீர்கள். ஆனால் நடுவில் ஓர் ஓடை இருக்கிறது. ஐப்பசி மழைக்கு அது நிறைந்து கீழே ஏரிக்குப் போகும். மயில், முயல், நரி பார்த்திருக்கிறேன். ஒரு முறை அந்தி நேரத்தில் எறும்புத்தின்னி ஒன்று ரோட்டைக் கடந்து போனது. என் பெண் அதைப் பலாப்பழம் நடந்து போகிறது என்றாள்.

இப்போது விஷயம். காட்டின் கிழக்கே இருந்த மாந்தோப்பைச் சுத்தம் செய்து இன்னொரு மனைப்பிரிவு வருகிறது. இரண்டு வாரமாக ஜேசிபி ஓடுகிறது. அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு எல்லைக்கற்கள் வரிசையாக நின்றன. தலையில் சுண்ணாம்பு அடித்து, பக்கவாட்டில் எண் வெட்டியிருக்கும், அடியில் கருங்கல்லைக் குவித்து வைத்திருப்பார்கள். இன்று காலை நடந்து போய்ப் பார்த்தேன். மூன்று கற்கள் இருந்த இடத்தில் செம்மண் மேடுதான் இருக்கிறது. கேட்டதற்கு "அளந்துதான் செய்றோம் சார், நீங்க கவலைப்படாதீங்க" என்றார் அங்கிருந்த மேஸ்திரி.

யாரிடம் போவது, என்ன கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேழ்வரகு (சனி, இரவு 10.05)

நானும் பார்த்தேன் அண்ணா. ஆட்டுக்காரர் ஒருத்தர் கல்லைக் காட்டி "அது படுத்துக்கிச்சு" என்றார். படுக்க வைத்தார்கள் என்று சொல்லவில்லை.

நாலுவழிச்சாலை (சனி, இரவு 10.30)

கவலையே வேண்டாம். காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் எதுவுமே கட்டக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. ஒரு மனு போட்டால் மொத்த மனைப்பிரிவும் ரத்து.

இஎம்ஐகாரன் (சனி, இரவு 11.12)

சரி, எல்லோரும் காட்டுக்காக அழுகிறீர்கள். ஒரு கேள்வி. மேட்டுவீடு சார், உங்கள் வீடு இருக்கிற இடம் 2018க்கு முன்னால் என்னவாக இருந்தது? நீங்கள் கட்டியபோது அது வளர்ச்சி, நான் கட்டினால் ஆக்கிரமிப்பா?

நான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வாடகை 14 ஆயிரம். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் விமான நிலையம் என்று அறிவித்த பிறகு இந்தப் பக்கம் சதுர அடி விலை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். பாகலூர் ரோடு போனால் தொட முடியாது, தளி ரோடு போனால் தொட முடியாது. கடைசியாக எனக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைத்தது இந்தக் காட்டோரம்தான். சென்னையில் கிண்டிப் பூங்காவைச் சுற்றி வீடுகள் இல்லையா? அங்கே மான் வாழவில்லையா?

மேட்டுவீடு (ஞாயிறு, காலை 7.15)

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்கள் மனை சோளக்காடாக இருந்தது. பத்திரத்தில் புஞ்சை என்றுதான் இருக்கிறது. கோபமாக ஏதோ எழுதப் பார்த்தேன், அழித்துவிட்டேன். நியாயமான கேள்வி.

கிண்டி விஷயம் வேறு. அது கவர்னர் தோட்டமாக இருந்த இடம். 1978ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 2.7 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் வேலியும் மதிலும். அந்த மாதிரி மதில் கட்டி அடைக்கிற இடம் இது இல்லை. போன டிசம்பரில் சானமாவுக் காட்டுப் பக்கமிருந்து பிரிந்து வந்த ஓர் ஒற்றை யானை இரண்டு நாள் பகலெல்லாம் இந்தக் குட்டிக் காட்டுக்குள்தான் நின்றது. மதில் இருந்திருந்தால் அது எங்கள் தெருவில் நின்றிருக்கும்.

கேழ்வரகு (ஞாயிறு, காலை 8.02)

ஆமாம், அந்த இரண்டு ராத்திரியும் எங்கள் ஊரில் யாரும் தூங்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ராகி கதிர் பிடிக்கும்போது பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் வரும். தளி, நொகனூர், அப்புறம் சானமாவு, போடூர்பள்ளம். இது எங்கள் தாத்தா காலத்துத் தடம். பகலில் காட்டுக்குள் நிழலில் நிற்கும், இருட்டினால் கொல்லைக்குள் இறங்கும். சின்னக் காடு என்றாலும் பகலில் ஒதுங்கி நிற்க அதற்கு ஓர் இடம் வேண்டும். அது போனால் கரும்புக்காட்டில் நிற்கும், இல்லாவிட்டால் ஹைவேயில் நிற்கும். பேரண்டப்பள்ளிகிட்ட அது ஹைவேயைக் கடக்கிறபோது இரண்டு பக்கமும் லாரி வரிசை கட்டி நிற்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

மணியக்காரர் வீடு (ஞாயிறு, காலை 11.20)

வருவாய்த்துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 1 கிலோமீட்டர் கதை. நாலுவழிச்சாலை சொன்னது பாதி உண்மை, அதனால்தான் அது ஆபத்து. 2022 ஜூன் 3 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது தேசியப் பூங்கா, வனவிலங்கு சரணாலயம் இவற்றின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர். அதையும் 2023 ஏப்ரல் 26ல் தளர்த்திவிட்டார்கள். நம் பக்கம் காவிரி வடக்கு சரணாலயமும் (2014), காவிரி தெற்கு சரணாலயமும் (2022) அந்த வகையில் வரும். சாதாரண காப்புக்காடு வராது. இன்னொரு 1 கிலோமீட்டரும் உண்டு: 2021 நவம்பரில் காப்புக்காட்டை ஒட்டிக் கல் குவாரி கூடாது என்று நம் மாநில அரசு விதி கொண்டுவந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் அதையும் தளர்த்தியது. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் மாவட்டம் என்பதால் அந்தச் செய்தி இங்கே எல்லோர் வாயிலும் புகுந்து, குவாரி போய் வீடு என்று மாறிவிட்டது. இந்த ஒரு கிலோமீட்டரை நம்பி மனு போட்டால் முதல் நாளே தள்ளுபடி. எதிர்த்தரப்பு வக்கீல் டீ சாப்பிடக்கூட எழுந்திருக்க வேண்டியதில்லை.

பட்டா நிலத்தில், அனுமதி வாங்கி, மனைப்பிரிவு போடுவதை நீங்கள் தடுக்க முடியாது. அதை ஏற்றுக்கொண்டு ஆரம்பியுங்கள். நீங்கள் கேட்கக்கூடியது இரண்டே விஷயம்: எல்லை எங்கே, எல்லையில் என்ன வரும்.

எல்லைக்கு: தமிழ்நாடு வனச் சட்டம் 1882ன் கீழ் காப்புக்காடு ஆக்கும்போது முதலில் 4வது பிரிவில் அறிவிப்பு வரும், விசாரணை முடிந்து 16வது பிரிவில் இறுதி அறிவிப்பு வரும். அந்த இறுதி அறிவிப்பில் எல்லையை வார்த்தையிலேயே எழுதியிருப்பார்கள், இந்தப் புல எண்ணின் வடமேற்கு மூலையில் தொடங்கி, ஓடையோடு போய், என்கிற மாதிரி. கல்லைப் பிடுங்கலாம், அதைப் பிடுங்க முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட வன அலுவலகத்துக்கு அறிவிப்பு நகலும் எல்லை வரைபடமும் கேட்டு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 4ஆம் பிரிவோடு நின்றுபோன காடுகளும் உண்டு. உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம் தோப்புக்குரிய புல எண்களை எடுத்து, இணையத்திலேயே அ-பதிவேடும் (நிலத்தின் வகை, பரப்பு எழுதிய பதிவேடு) புலப்படமும் (அளவு போட்ட வரைபடம்) பாருங்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, தாசில்தாருக்கும் வனத்துறைக்கும் ஒரே மனுவாக "கூட்டு அளவை செய்து கல் நட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். கூட்டு என்ற வார்த்தை முக்கியம். தனித்தனியாகக் கேட்டால் வருவாய்த்துறை வனத்துறையைக் காட்டும், வனத்துறை எங்களைக் காட்டும். நானே காட்டியிருக்கிறேன்.

"ஆக்கிரமிப்பை அகற்று" என்று மனுவில் எழுதாதீர்கள். ஆக்கிரமிப்பா இல்லையா என்பது அளந்த பிறகுதான் தெரியும்.

நாலுவழிச்சாலை (ஞாயிறு, பகல் 12.01)

சரி ஐயா, வாட்ஸப்பில் வந்ததை நம்பிவிட்டேன்.

தொப்பூர் கணவாய் (ஞாயிறு, மாலை 4.45)

நான் தர்மபுரி. எங்கள் கரட்டோரம் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

எங்கள் பகுதியில் யாரும் ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லை. எல்லைக்கல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. ஆனாலும் பத்து வருடத்தில் காடு போய்விட்டது. எப்படி என்றால், மனைப்பிரிவு போட்டவர் காட்டோரக் கடைசி வரிசை மனைகளுக்குப் பின்னால் தெரு விடவில்லை. வீடுகள் காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பின்பக்கக் காம்பவுண்டு சுவர் ஐந்தடி. சமையலறை ஜன்னலும் கக்கூஸ் குழாயும் அந்தப் பக்கம். பிறகென்ன, சுவருக்கு மேலே கையை நீட்டினால் குப்பைத்தொட்டி. ஒரு வீட்டில் நாப்கின், ஒரு வீட்டில் தேங்காய் ஓடு, ஒரு வீட்டில் இடித்த பாத்ரூம் ஓடு.

குப்பைக்கு எலி வந்தது. எலிக்குக் கண்ணாடி விரியன் வந்தது. நாய் வந்தது, நாய் கூட்டமானது, முயல் போனது. குரங்கு வந்தது. ஒரு மாசி மாதம் யாரோ குப்பைக்குத் தீ வைத்தார்கள், காற்றில் அது உண்ணிச்செடியைப் பிடித்துக் கரடு முழுக்க ஏறிவிட்டது. கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? அதே வீட்டுக்காரர்கள் "பாம்பு வருகிறது, புதரை வெட்டித் தாருங்கள்" என்று கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

அதே கரட்டுக்கு வடக்கே இன்னொரு மனைப்பிரிவு. அங்கே தற்செயலாக, நிலத்தின் வடிவம் அப்படி என்பதால், காட்டோரமாக 23 அடித் தெரு போகிறது. வீடுகள் காட்டைப் பார்த்து நிற்கின்றன. சாயங்காலம் பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். யாராவது பையைத் தூக்கிப் போட வந்தால் பத்துக் கண் பார்க்கும். அந்தப் பக்கம் காடு இன்னும் காடாக இருக்கிறது. அங்கே இருப்பவர்களும் எங்களைப் போன்ற ஆட்கள்தான். தெரு ஒன்றுதான் வித்தியாசம்.

மேட்டுவீடு (ஞாயிறு, மாலை 6.10)

இதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். எங்களுக்கும் பின்னால் தெரு இருக்கிறது. எங்கள் பக்கம் ஏன் சுத்தமாக இருக்கிறது என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சில்க்போர்டு சிக்னல் (ஞாயிறு, இரவு 8.30)

தினமும் பெங்களூரு போய் வருகிறவன். அங்கே துரஹள்ளிக் காடு என்று கனகபுரா ரோட்டுப் பக்கம் இருக்கிறது, சுற்றிலும் அடுக்குமாடி. 2021 ஆரம்பத்தில் அதை மரப்பூங்காவாக்க வனத்துறை திட்டம் போட்டது. எதிர்த்தவர்கள் சுற்றியிருந்த அடுக்குமாடிக்காரர்கள்தான். காட்டைக் காடாக விடு என்று தெருவில் நின்றார்கள், திட்டம் நின்றது.

நமக்கும் அதே மாதிரி ஓர் ஆலோசனை வரும் பாருங்கள். மத்திய அரசின் நகர்வனத் திட்டம் 2020லிருந்து இருக்கிறது. பணமும் வரும். பணம் வந்தால் நடைபாதை, செல்ஃபி வளைவு, யானை பொம்மை, டைல்ஸ் போட்ட பெஞ்சு. மொட்டைத் தரையில் புதிதாக மரம் வளர்க்க அது நல்ல திட்டம். ஏற்கெனவே காடாக இருக்கிற இடத்தில் எதற்கு?

இஎம்ஐகாரன் (ஞாயிறு, இரவு 9.15)

செல்ஃபி வளைவு எனக்கும் வேண்டாம். ஆனால் என் குழந்தைகள் நடக்க ஓர் இடம் வேண்டும். ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிப் போவது? மால்தான். காட்டை யாரும் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது என்றால் அதைக் காப்பாற்ற யார் வருவார்கள்?

கேழ்வரகு (ஞாயிறு, இரவு 9.40)

தொடுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் அண்ணா. எங்கள் தாத்தா அந்தக் காட்டில் ஆடு மேய்த்தவர். மாமா இன்னும் மேய்க்கிறார், வனக்காவலர் வந்தால் ஓட்டிக்கொண்டு வெளியே வருவார். ஓடைக்கரையில் முனியப்பன் கோயில் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு முறை பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவோம். முன்பெல்லாம் தையல் இலை. இப்போது பிளாஸ்டிக் பூச்சுப் பேப்பர் தட்டு, தெர்மாகோல் கிண்ணம். பூசை முடிந்த மறுநாள் ஓடையைப் பார்க்க முடியாது. மனை வாங்கி வந்தவர்களை மட்டும் சொல்வது நியாயம் இல்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

நடக்க வேண்டும் என்றால் தீத்தடுப்புக் கோடு இருக்கிறது. வருடா வருடம் வெட்டிச் சுத்தம் செய்வார்கள். வனச்சரகரிடம் கேட்டுவிட்டு ஒரு ஞாயிறு காலை அதிலேயே போகலாம். புதிதாகப் பாதை எதற்கு?

நீராதாரம் (திங்கள், காலை 6.50)

எல்லோரும் குப்பை, மரம் என்கிறீர்கள். ஓடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மேட்டுவீடு, உங்கள் மனைப்பிரிவின் கழிவுநீர் எங்கே போகிறது?

மேட்டுவீடு (திங்கள், காலை 7.30)

வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். சமையலறை, குளியலறைத் தண்ணீர் தெரு வாய்க்காலில் போகும். வாய்க்கால் பிரதான சாலைக்குப் போகிறது என்று நினைக்கிறேன்.

நீராதாரம் (திங்கள், காலை 7.34)

நினைக்க வேண்டாம், நடந்து பாருங்கள்.

மேட்டுவீடு (திங்கள், இரவு 8.20)

நடந்து பார்த்தேன்.

வாய்க்கால் பிரதான சாலைக்குப் போகவில்லை. சாலை மேட்டில் இருக்கிறது, தண்ணீர் எப்படி மேலேறும்? ஏழு வருடமாக இது எனக்குத் தோன்றவில்லை. கடைசித் தெரு முனையில் ஒரு சிமெண்டுக் குழாய், அதிலிருந்து இறங்கி, இருபது முப்பது அடி உண்ணிச்செடிக்குள் ஓடி, நேராகக் காட்டு ஓடைக்குள் விழுகிறது. விழுகிற இடத்தில் சோப்பு நுரை ஒரு முழ உயரம். கரையில் வெள்ளையாக எண்ணெய்ப் பிசுக்குக் காய்ந்து கிடக்கிறது. வாசனையை எழுத வேண்டாம். அந்த நுரைக்கு நடுவில் என் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் ஒரு துண்டு கிடந்தது. எல்லார் வீட்டிலும் அதே நார்தான், ஆனாலும்.

நூற்றுப் பன்னிரண்டு வீடு. தம்பி இஎம்ஐகாரன், உங்கள் முதல் கேள்விக்கு இப்போது பதில் கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இஎம்ஐகாரன் (திங்கள், இரவு 11.50)

ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

நான் மனை முன்பதிவு செய்திருப்பது அந்தப் புது மனைப்பிரிவில்தான். மனை எண் 52. ஒரு லட்சம் அட்வான்ஸ். வரைபட நகல் கையில் இருக்கிறது. தொப்பூர்க்காரர் எழுதியதைப் படித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். 41 முதல் 56 வரை பதினாறு மனை, எல்லாமே காட்டுக்கு முதுகு. பின்னால் தெரு இல்லை. பூங்காவுக்கு என்று விட்ட இடம் பிரதான சாலை ஓரம், உயரழுத்த மின்கம்பிக்குக் கீழே. மழைநீர் வாய்க்கால் என்று நீலக்கோடு ஒன்று என் மனைக்குப் பக்கத்தில் போய், காட்டெல்லையில் அப்படியே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எங்கே போகிறது என்று போடவில்லை.

அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டேன். "பிராசஸ்ல இருக்கு சார்" என்றார்.

மணியக்காரர் வீடு (செவ்வாய், காலை 6.15)

தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள். பிராசஸ்ல இருக்கிறது என்றால் இன்னும் திருத்தலாம் என்று அர்த்தம். அனுமதி எண் வராத மனைக்கு மேற்கொண்டு பணம் கட்டாதீர்கள், அது உங்கள் சொந்த நலனுக்காகச் சொல்வது. 2016ல் உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவை நிறுத்தியபோது எத்தனை குடும்பம் தவித்தது என்று நேரில் பார்த்தவன் நான்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பத்து சதவீதத்தைக் கம்பிக்கு அடியில் கொடுக்காமல் காட்டோரமாக நீளப்பட்டையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அதை ஒட்டி ஒரு தெரு. மனை போட்டவருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, மனைகளைக் கொஞ்சம் தள்ளி வரைய வேண்டும், அவ்வளவுதான். காட்டைப் பார்த்த மனைக்கு அவர் கூடுதல் விலைகூடச் சொல்வார். நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஆட்சேபணையாக இல்லாமல் கோரிக்கையாக எழுதுங்கள். மனை வாங்குகிறவர்கள் பெயரில் போனால் அதற்கு எடை அதிகம். வெளியாள் போட்டால் பொறாமை என்பார்கள்.

உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்தக் குழுமத்தின் தனி அனுமதியும் வேண்டும், கதையே வேறு.

இஎம்ஐகாரன் (செவ்வாய், காலை 6.40)

வாங்குகிறவர்கள் வாட்ஸப் குழு இருக்கிறது. 41 முதல் 56 வரை கேட்டுப் பார்க்கிறேன். பாதிப்பேர் பெங்களூருவில் இருந்துகொண்டு முதலீட்டுக்கு வாங்குபவர்கள், அவர்களுக்குக் காடு எந்தப் பக்கம் என்றே தெரியாது.

நீராதாரம் (செவ்வாய், காலை 9.05)

நீலக்கோடு எங்கே முடிகிறது என்ற கேள்வியை விடாதீர்கள். கோரிக்கையில் அதுதான் முதல் வரி. மேட்டுவீடு, உங்கள் நுரைக்கு: குழாய் விழுகிற இடத்துக்கு முன்னாலேயே உங்கள் மனைப்பிரிவுப் பூங்கா இடத்தில் எண்ணெய் பிடிக்கிற தொட்டி ஒன்று, அதற்கு அப்புறம் ஜல்லியும் கல்வாழையும் போட்ட நீளமான பள்ளம். முழுத் தீர்வு இல்லை, பாதாளச் சாக்கடை வருகிறவரை தாங்கும். கல்வாழையை நட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது, தொட்டியில் மிதக்கிற கொழுப்பை வாரம் ஒரு முறை அள்ள வேண்டும். அதற்கு ஆள் யார் என்று முடிவு செய்துவிட்டுத் தொட்டி கட்டுங்கள்.

மேட்டுவீடு (மூன்று வாரம் கழித்து, வியாழன், இரவு 9.00)

தகவல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கூட்டு அளவை இன்று நடந்தது. காலை பத்தரைக்கு நில அளவையர், வனவர், வனக்காப்பாளர், கிராம நிர்வாக அலுவலர் எல்லோரும் வந்தார்கள். மனை போட்டவர் சார்பிலும் இருவர். கேழ்வரகின் மாமா ஆட்டை மரத்தடியில் நிறுத்திவிட்டு வந்து, "இந்தத் துரிஞ்சிக்கு நேர் கிழக்கே ஒரு கல்லு, அங்கிருந்து எண்பது தப்படிக்கு இன்னொன்னு" என்றார். அளவையர் சிரித்தார். பிறகு சங்கிலிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு தப்படிதான் வித்தியாசம்.

முதல் கல் மண்மேட்டுக்கு அடியில் குப்புறக் கிடைத்தது. இரண்டாவது உடைந்து கிடைத்தது, எண் இருக்கிற பாதி மட்டும். மூன்றாவது கல் கிடைக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடம் மனை எண் 49க்கும் 50க்கும் நடுவில், உள்ளே ஒன்பதடி தள்ளி வருகிறது. மனை போட்டவர் ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை, மறு அளவை கேட்டிருக்கிறார்கள். அதுவரை காட்டோர வரிசையில் வேலை நிறுத்தம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். மற்ற பக்கம் ஜேசிபி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வாய்க்கால்: சங்கக் கூட்டத்தில் 112 வீட்டில் 37 பேர் வந்தார்கள். தொட்டிக்கு வீட்டுக்கு 1,500 ரூபாய் என்றதும் இருவர் எழுந்து போனார்கள். 61 பேர் இதுவரை கொடுத்திருக்கிறார்கள்.

இஎம்ஐகாரன் (வியாழன், இரவு 11.55)

பதினாறு பேரில் ஒன்பது கையெழுத்து. 52ஐ நான் இன்னும் விடவில்லை. தெரு வந்தால் எடுப்பேன், வராவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பேன். திருப்பித் தருவார்களா என்பது வேறு இழை.

மறு அளவை என்றைக்கு?

கேழ்வரகு (வெள்ளி, காலை 5.50)

அடுத்த புதன். மாமாவை வரச் சொல்லியிருக்கிறேன். கடப்பாரை எங்கள் வீட்டில் இருக்கிறது, நீங்கள் யாரும் கொண்டுவர வேண்டாம்.